பதினேழாம் மெஷின் உடைக்காத ஊசி

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் முந்நூற்றுப் பத்துப் பேர் வேலை பார்த்தார்கள். முதலாளிக்குப் பயப்படாத ஆட்கள் அதில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஊசியக்காவுக்குப் பயப்படாத ஆள் ஒருவர்கூட இல்லை. முதலாளியே அவளுடைய கூண்டுப் பக்கம் வந்தால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வருவார். குண்டூசி கிண்டூசி ஏதாவது இருந்து, அதற்கும் அவளிடம் பதில் சொல்ல வேண்டி வந்துவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு.

கூண்டு என்றால் தையல் கூடத்தின் மூலையில் கம்பி வலை அடித்துப் பிரித்த ஒரு சின்ன இடம். உள்ளே ஒரு மேஜை, விளக்கு வைத்த பூதக்கண்ணாடி, பூட்டிய ஊசிப் பெட்டி, தலையணை மொத்தத்தில் ஒரு பதிவேடு. தைக்கும்போது ஊசி உடைந்தால் தைத்தவர் எழுந்து இங்கே வர வேண்டும். வெறுங்கையோடு வந்தால் புது ஊசி கிடைக்காது. உடைந்த ஊசியின் துண்டுகள் அத்தனையும் வேண்டும். அக்கா அவற்றை வெள்ளைத் தாளில் வைத்து, பூதக்கண்ணாடிக்கு அடியில் சேர்த்துப் பார்த்து, முழு ஊசி தேறினால்தான் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டுவாள். மெஷின் எண், தேதி, எத்தனை துண்டு, எல்லாம் கிடைத்ததா, கையெழுத்து. கடுகளவு முனை குறைந்தாலும் அந்த வரிசையே நிற்கும். கழியில் கட்டிய காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையைத் துழாவ வேண்டியதுதான். முகம் தெரியாத ஒருவர் ஆசையாக வாங்கிப் போடப்போகிற சட்டை அது. ஊசி முனை அவர் கழுத்தில் குத்திவிடக் கூடாது.

“இங்கதான்க்கா எங்கயோ விழுந்துச்சு” என்று யாராவது இழுத்தால் அவளிடம் ஒரே பதில்தான் உண்டு.

“எங்கயோன்னு ஒரு இடம் இந்த உலகத்துல கிடையாது. தேடு.”

தைத்து முடித்த சட்டைகள் கடைசியாக ஊசி பிடிக்கும் மெஷினுக்குள் போகும். ரப்பர் பட்டையில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். இரும்புத் துணுக்கு இருந்தால் சிவப்பு விளக்கு எரியும், மெஷின் அலறும். அதுவும் அக்காவின் பொறுப்புதான். பத்தொன்பது வருஷத்தில் பன்னிரண்டு பதிவேடுகளை நிரப்பியிருந்தாள். தவறாக ஒரு வரி எழுதியதில்லை. நல்லவள்தான். ஆனால் பல வருஷம் சரியாகவே இருந்து பழகியவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். தப்பு என்று ஒன்று நடந்தால் அடுத்தவர் பக்கத்தில்தான் முதலில் தேடுவார்கள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்குகிறவர், வீட்டில் மட்டும் அவர் பேச்சு எடுபடாது. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தாள் அக்கா. தண்ணீர் தேங்கிய ஒரு திருப்பத்தில் வண்டி சறுக்கியது. அவருக்கு முட்டியில் சிராய்ப்பு. அவளுக்குக் கழுத்துக்குக் கீழே வலது பக்கக் காறை எலும்பு இரண்டாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்து, தோள் முனையிலிருந்து உள்ளே இரண்டு மெல்லிய கம்பிகளைச் செலுத்தி நிறுத்தி வைத்தார்கள். தோலுக்கு அடியில் அந்தக் கம்பிகளின் முனைகள் இரண்டு மிளகு மாதிரி தட்டுப்படும்.

“ஆறு வாரத்துல வந்து காட்டுங்க. எலும்பு கூடினதும் கம்பியை எடுத்துடணும். உள்ளேயே விட்டுடக் கூடாது” என்று எலும்பு டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் கூடமே அவளைச் சுற்றிக்கொண்டது. அக்கா பட்டையில் படுத்தால் மெஷின் அலறுமா என்று பந்தயம். கையில் பிடிக்கும் சின்னக் கருவி ஒன்று உண்டு, அதை அவளே எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தாள். சத்தமே இல்லை. ஆஸ்பத்திரிக் கம்பி காந்தத்தில் ஒட்டாத ரகம், அதனால் இந்தக் கருவிக்கு அது அகப்படாது என்று மேனேஜர் விளக்கினார். “அக்காகிட்ட மெஷினே வாயைத் திறக்க மாட்டேங்குது” என்று யாரோ சொல்ல, அன்றைக்கு அவளும் சிரித்தாள்.

ஆறாவது வாரம் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. போகவில்லை. பத்தாவது வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அடுத்த வாரம் வருகிறேன் என்றாள். வலி இல்லை, கை தலைக்கு மேலே போகிறது, ஊசிப் பெட்டியைத் தூக்க முடிகிறது.

“போயிட்டு வந்துடேன்” என்று வீட்டுக்காரர் மாதம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

“அது பாட்டுக்கு உள்ள கிடக்குது. உங்களை என்ன பண்ணுது?”

இப்படி இருக்கும்போதுதான் பதினேழு வந்தாள். தையல் கூடத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது, உட்காருகிற மெஷினின் எண்தான் பேர். பதினேழுக்கு இருபத்தாறு வயது இருக்கும். மூன்று மாதத் தற்காலிக வேலை, சரியாக இருந்தால் நிரந்தரம். காலர் தைப்பதில் அவள் கையை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அவளுக்கு இது மூன்றாவது தொழிற்சாலை. முதல் இரண்டும் கதவைச் சாத்திவிட்டன, இதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தலை நிமிராமல் தைப்பாள்.

ஒரு திங்கட்கிழமை அக்காவின் நீலக் கோட்டில் காலர் ஓரம் பிரிந்து தொங்குவதைப் பார்த்துவிட்டு, “குடுங்கக்கா, டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள தச்சுத் தர்றேன்” என்று வலிய வாங்கிப் போய்த் தைத்துக் கொடுத்தாள். அருமையான தையல். பழைய காலர்தான் என்று சொன்னால் நம்ப முடியாது.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, குனிந்து பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த அக்காவுக்குக் கழுத்தடியில் சுருக்கென்று குத்தியது.

அவள் கை தன்னால் காலருக்குப் போனது. குத்துகிறது என்றால் ஊசி. பத்தொன்பது வருஷப் புத்தி அதற்கு மேல் யோசிக்கவில்லை. கோட்டைக் கழற்றி மெஷின் பட்டையில் போட்டாள். சத்தம் இல்லை. திருப்பிப் போட்டாள், மடித்துப் போட்டாள். நாலு தடவை போய் வந்தும் சத்தம் இல்லை. மெஷினைச் சோதிக்க ஒரு அட்டை வைத்திருப்பார்கள், நடுவில் குட்டியாக ஓர் இரும்புக் குண்டு இருக்கும். அதைப் போட்டதும் மெஷின் ஊரைக் கூட்டியது. ஆக மெஷின் சரி. அக்கா கத்தரியை எடுத்துக் காலரை முழுசாகப் பிரித்தாள். உள்ளே பஞ்சு மாதிரி நூல் பிசிர்தான் இருந்தது.

இங்கே நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. காலரில் முனை இருந்து குத்தியது, இப்போது இல்லை, அப்படியானால் விழுந்துவிட்டது. கூண்டின் மேஜையில் அன்று காலை பரிசோதித்த சட்டை எதிலோ விழுந்திருக்கிறது என்று கணக்குப் போட்டாள். வரிசையை நிறுத்தினாள். பெட்டி கட்டிய ஆயிரத்து எண்ணூறு சட்டைகளைத் திரும்பப் பிரிக்க வைத்தாள். எல்லாரும் பார்க்கப் பதினேழாம் மெஷின் முன்னால் போய் நின்றாள்.

“திங்கக்கிழமை ஊசி உடைஞ்சுதா?”

“இல்லக்கா. அதே ஊசிதான், இதோ பாருங்க, முழுசா இருக்கு.”

“மாத்திப் போட்டிருப்பே. வெளியில ஊசி வாங்கி வச்சுக்கிட்டுத் துண்டை மறைக்கிறவங்களை நான் பார்த்ததில்லையா?”

“சத்தியமா இல்லக்கா. உங்க கோட்டுல போய் நான் அப்படிச் செய்வேனா?”

“சத்தியம் எல்லாம் பதிவேட்டுல ஒட்ட முடியாது.”

பதினேழின் முகத்தில் ஈயாடவில்லை. ஒட்ட முடியாது என்று சொன்ன அக்கா எழுத மட்டும் எழுதினாள்: ‘மெஷின் 17. உடைந்த ஊசி மறைக்கப்பட்டது. துண்டு கிடைக்கவில்லை.’ ஆயிரத்து எண்ணூறு சட்டையிலும் எதுவும் அகப்படவில்லை. அன்று சாயங்காலமே பதினேழை மெஷினிலிருந்து எழுப்பி, பிசிர் வெட்டும் மேஜைக்கு அனுப்பினார்கள். அடுத்த வெள்ளியோடு அவளுடைய மூன்று மாதம் முடிகிறது. துண்டு கிடைக்காத வரி ஒருவர் பேரில் இருந்தால் நிரந்தரம் கிடையாது. அது அக்கா கேட்டு வாங்கிய சட்டம்.

வெள்ளிக்கிழமை வேறு கோட்டு போட்டுக்கொண்டு வந்தாள். குத்தியது. சனிக்கிழமை வீட்டில் நைட்டியோடு இருந்தபோதும் குத்தியது. நைட்டியைப் பதினேழு தைக்கவில்லை. இரண்டு தடவை வறட்டு இருமல் வந்து, இருமும்போது கழுத்தடியில் இழுத்துப் பிடித்தது. வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, மேலே ஒன்றுமில்லையே என்றார். அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலுக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று மெல்லத் தலைதூக்கியது, அதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளிக்கும்போது சோப்புக் கை வலது தோளுக்குப் போனது. ஐந்து மாதமாகத் தினமும் போகிற இடம். இரண்டு மிளகும் தட்டுப்படும், தேய்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். அன்றைக்கு ஒன்றுதான் தட்டுப்பட்டது. தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பத் தடவினாள். இடது கையால் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். ஒன்றுதான்.

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முந்நூறு பேருடைய ஊசியைத் தினமும் எண்ணியவள், தன் உடம்பில் இருந்த இரண்டை எண்ணவில்லை. எங்கயோன்னு ஒரு இடம் கிடையாது. கழுத்தடியில் குத்துகிற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து சொன்னாள்.

“ஏங்க. ரெண்டுல ஒண்ணைக் காணோம்.”

வீட்டுக்காரர் என்ன ஏது என்று கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நேராகச் செருப்பைத் தேடினார். ஸ்கூட்டர் வேண்டாம், டாக்ஸி கூப்பிடுகிறேன் என்றார். அதற்கு அவள் மறுபேச்சுப் பேசாததுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி விரலால் காட்டினார். ஒரு கம்பி போட்ட இடத்தில் இருந்தது. இன்னொன்று எலும்பை விட்டு உள்பக்கமாக வழுக்கிக் கழுத்தின் அடிவாரத்தில் வந்து நின்றது.

“இது எப்படி டாக்டர் நடந்துது?” என்றார் வீட்டுக்காரர்.

“வழவழப்பான கம்பி. முனையைக் கொஞ்சம் வளைச்சுத்தான் விடுவோம். அதையும் மீறி அபூர்வமா சிலருக்கு நகரும். கையைத் தூக்கி இறக்கும்போதெல்லாம் துளித்துளியா நகர்ந்திருக்கும்.”

“மரை இல்லாத ஆணி. ஆட்டம் இருந்தா நடக்க ஆரம்பிச்சிடும். லிஃப்ட்ல அதுக்காகத்தான் மாசா மாசம் பார்க்கிறோம்” என்றார் அவர் மெதுவாக. அவளைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

“இதுக்குப் பக்கத்துலதான் நுரையீரலோட உச்சி, பெரிய ரத்தக் குழாய் எல்லாம் இருக்கு” என்றார் டாக்டரம்மா. “ஸ்கேன் எடுத்துப் பார்த்துடுவோம். இதுவரைக்கும் எதையும் தொடலைன்னுதான் தோணுது. ஆனா இதை இனிமே உள்ள விட்டு வைக்கக் கூடாது. வீட்டுக்குப் போக வேண்டாம். நெஞ்சு டாக்டரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு புதன்கிழமை எடுத்துடலாம். கையை அசைக்காதீங்க, இருமல் வந்தா சொல்லுங்க.”

“பிழைச்சுக்குவேனா?” என்று அக்கா நேராகவே கேட்டாள்.

“தேடி வந்துட்டீங்க இல்ல? எங்க இருக்குன்னு தெரிஞ்சு போச்சு. இனிமே எங்க வேலை.”

படுக்கையில் கையைக் கட்டிப் போட்டுப் படுத்திருந்தபோது அக்காவுக்கு உயிர்ப் பயம் இருந்தது உண்மை. ஆனால் அதைவிட அதிகமாக அவளைத் தூங்கவிடாமல் செய்தது பிசிர் வெட்டும் மேஜைதான். உன் கோட்டைத் தானாக வந்து வாங்கித் தைத்துக் கொடுத்த பெண்ணை நாலு பேர் முன்னால் திருடியைப் போல நிற்க வைத்தாயே என்று மனசு பிடுங்கித் தின்றது. திங்கட்கிழமை காலையிலேயே மேனேஜருக்குப் போன் போடச் சொல்லி, விஷயத்தைச் சொன்னாள்.

“அந்த வரி தப்பு. அடிச்சிடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அடிச்சிடுங்க.”

மேனேஜர் தயங்கினார். தையல் மெஷினிலிருந்து ஏறி வந்தவர், அக்காவிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர். “அக்கா, நீங்க முதல்ல நல்லபடியா வாங்க. வரியை நான் எப்படிக்கா அடிப்பேன்? துண்டை ஒட்டாம எந்த வரியையும் தீர்க்கக் கூடாது, யார் சொன்னாலும் தீர்க்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி வாங்கினீங்க? முதலாளி கையெழுத்துப் போட்டிருக்காரு.”

தன் சட்டம் தன் காலைச் சுற்றியதில் அக்காவுக்குக் கோபம் வரவில்லை. சரியாகத்தான் சொல்கிறார் என்று பட்டது.

“சரி. துண்டோட வர்றேன்” என்றாள்.

புதன்கிழமை ஆபரேஷன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வீட்டுக்காரர் நடைபாதையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். ஆஸ்பத்திரி லிஃப்ட் மூன்றாவது மாடியில் லேசாகக் குலுங்குவதைக் கவனித்துக் காவலாளியிடம் புகார்கூடச் செய்துவிட்டார். கடைசியில் டாக்டரம்மா வெளியே வந்து, இரண்டு கம்பியும் வந்துவிட்டது, ஒன்றிலும் சேதமில்லை, எலும்பு அழகாகக் கூடியிருக்கிறது என்று சொன்னபோது அவருக்கு நெஞ்சில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மயக்கம் தெளிந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, “துண்டு எங்க?”

“எந்தத் துண்டும்மா?” என்றாள் நர்ஸ்.

“எங்கிட்ட இருந்து எடுத்தீங்களே, அது. ரெண்டும் வேணும். முழுசா வேணும். தூக்கிப் போட்டுட்டீங்களா?”

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. மயக்கத்தில் பினாத்துகிறாள் என்று நினைத்துக் கையைத் தட்டிக் கொடுத்தாள். விஷயம் டாக்டரம்மா காதுக்குப் போய், அவர் எடுத்து வைத்திருந்த சின்ன பிளாஸ்டிக் டப்பா மறுநாள் வந்து சேர்ந்தது. அக்கா அதைக் குலுக்கிப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முனை, நடு, மறுமுனை என்று பார்த்தாள். இரண்டும் முழுசு. அதற்குப் பிறகுதான் கஞ்சி குடித்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போகாமல் டாக்ஸியைத் தொழிற்சாலைக்கு விடச் சொன்னாள். வீட்டுக்காரர் டிரைவருக்கு வழி சொன்னார்.

வலது கை கழுத்தில் தொங்க, இடது கையில் டப்பாவோடு அக்கா கூடத்துக்குள் நுழைந்ததும் முதல் வரிசையில் மெஷின்கள் நின்றன. அடுத்த வரிசையும் நின்றது. அவள் நேராகப் பிசிர் வெட்டும் மேஜைக்குப் போனாள். குற்றம் சாட்டியபோது எவ்வளவு சத்தமாகப் பேசினாளோ அதே சத்தத்தில் பேசினாள்.

“பதினேழு, நான் உம்மேல அபாண்டமா பழி போட்டுட்டேன். உன் ஊசி உடையல. குத்தினது என் உடம்புக்குள்ள இருந்த கம்பி. டாக்டர் எடுக்கச் சொன்னதை நான் எடுக்காம விட்டது. மனசு எவ்வளவு நொந்திருக்கும்னு எனக்குத் தெரியும். என்னை மன்னிச்சிடும்மா.”

பதினேழு கத்தரியைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

“கோவமாத்தான்க்கா இருந்தேன்” என்றாள். “உங்களுக்கு ஆபரேஷன்னு கேள்விப்பட்டதும் கோவப்படவும் முடியல. அதுக்கும் சேர்த்துக் கோவம் வந்துது.”

“வந்திருக்க வேண்டியதுதான். வா, எனக்கு ஒரு வேலை செஞ்சு குடு. என் கை எழுதாது.”

கூண்டுக்குள் பதிவேட்டைத் திறந்தார்கள். அக்கா சொல்லச் சொல்லப் பதினேழு எழுதினாள். மேனேஜர் வலைக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“மெஷின் எண்?” என்றாள் பதினேழு.

“ஊசியக்கான்னு போடு.”

“எத்தனை துண்டு?”

“ரெண்டு.”

“எல்லாம் கிடைச்சுதா?”

அக்கா டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். “கிடைச்சுது” என்றாள். பதினேழு பூதக்கண்ணாடி விளக்கைப் போட்டு, இரண்டு கம்பிகளையும் வெள்ளைத் தாளில் வைத்து நுனி முதல் நுனி வரை பார்த்துவிட்டுத்தான் டேப் போட்டாள். அக்கா அவளை அவசரப்படுத்தவில்லை. பழைய ‘மெஷின் 17’ வரியின் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்து, ‘தவறான வரி’ என்று எழுத வைத்து, இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். பதின்மூன்று பதிவேடுகளில் அதுதான் அசிங்கமான கையெழுத்து.

மேனேஜர் உள்ளே வந்து ஒட்டியதைத் தொட்டுப் பார்த்தார். “தீர்ந்துது” என்றார். “பதினேழு, திங்கக்கிழமையிலிருந்து உன் மெஷின்ல உட்காரு. நிரந்தரக் கடுதாசி சாயங்காலம் வாங்கிக்க.”

“அக்கா, எல்லாத் துண்டும் வந்துடுச்சு” என்றாள் பதினேழு மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “சட்டப்படி உங்களுக்குப் புது ஊசி ரெண்டு தரணும்.”

“ஐயோ, வேண்டாம்மா தாயே” என்றாள் அக்கா. வலையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கட்டுப் போட்ட தோள் வலிக்க வலிக்க அவளும் சிரித்தாள்.

ஆறு வாரம் ஓய்வு, அப்புறம் பழையபடி பெட்டி தூக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒவ்வொரு தேதிக்கும் தவறாமல் வருவதாக அக்கா எழுதிக் கொடுக்காத குறை. கிளம்பும்போது ஆணியில் தொங்கிய தன் நீலக் கோட்டைப் பார்த்தாள். காலர் அவள் கத்தரியால் குதறியபடியே கிடந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது, கேட்காமலே நடந்தாள். பதினேழு அவளைத் தாண்டிப் போய்க் கோட்டை எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமைக்குக்கூடக் காத்திராமல் பதினேழாம் மெஷினில் உட்கார்ந்தாள். டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. காலர் பழையபடி நின்றது.

நூலை வெட்டிவிட்டு, பதினேழு மெஷினின் ஊசியைக் காட்டித் தலையை விலக்கிக்கொண்டாள்.

“பார்த்துக்கோங்கக்கா. முழுசா இருக்கு.”

“நீ சொன்னாப் போதும்” என்றாள் ஊசியக்கா.

பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கூடத்தில் யாரிடமும் அவள் சொல்லாத வார்த்தை அது. கோட்டை வாங்கி இடது தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்காரரோடு நடந்தாள். பொய் சொல்லக் கூடாது, மெஷினைத் தாண்டும்போது ஓரக்கண்ணால் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஊசி முழுசாகத்தான் இருந்தது.